ஒரு சைஸ் சின்ன டர்போ

அத்தியாயம் 3

ரேடியோவின் விரலில் ரத்தம் வந்ததுதான் அன்றைக்கு அந்த வழக்கில் கிடைத்த முதல் தடயம். அது தடயம் என்பது அவனுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவனுக்கு அது வெறும் வலி.

"மேடம், ரத்தம்."

"துடைச்சுக்கோ."

"என்ன ஒரு பாசம். கூடப் பொறந்தவங்க கூட இப்படிச் சொல்ல மாட்டாங்க."

மேடம் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவர். பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அதில் இருந்த மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு, உதவியாளன் ஒருவன். உதவியாளனுக்கு நாற்பத்திரண்டு வயது. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. ஆனால் வாயை அணைக்க ஸ்விட்ச் கிடையாது என்பதால் ஊரே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிட்டது, கட்டின மனைவி உட்பட.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஓர் இன்ஜின் பட்டறை. ஒரே ஒரு அறை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் அதன் உருவத்தையே வரைந்து, ஆணி அடித்து மாட்டியிருந்தது. நடுவில் முன்பக்கம் நசுங்கிய ஒரு பந்தயக் கார். பெஞ்சின்மேல் பிரித்துப் போட்ட இன்ஜின். பக்கத்தில் பட்டறைக்காரர், பத்து நாளாகத் தூங்காத முகத்தோடு.

விஷயம் இதுதான். பட்டறைக்காரர் இன்ஜின் கட்டுவார், அவர் மனைவி அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டுவாள். பத்து நாள் முன்னால் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இன்ஜின் உள்ளே நொறுங்கிப் பூட்டிக்கொண்டது. கார் வழுக்கித் தடுப்பில் போய் மோதியது. அவளுக்குக் கழுத்தெலும்பும் மணிக்கட்டும் உடைந்தன. இன்று நாலு மணிக்குப் பந்தயச் சங்கத்தில் விசாரணை. கட்டியவர்தான் தப்பு என்று முடிவானால், பந்தய இன்ஜின் கட்டச் சங்கம் கொடுத்த அவருடைய பில்டர் கார்டு ரத்து. அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஒரு பந்தய வண்டியின் பானெட்டைக்கூட அவரால் திறக்க முடியாது. வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

மேடத்தை அமர்த்தியவர் அவர் இல்லை, அவருடைய மாமனார். வேன் ரிப்பேர் ஷெட் வைத்திருப்பவர். "மாப்பிள்ளை மேலதான் தப்புன்னு ஆதாரத்தோட நிரூபிச்சுக் குடுங்க மேடம். என் பொண்ணை அந்த ஆள்கிட்டேருந்து ஒரேயடியா கூட்டிட்டு வந்துடறேன்," என்று கேட்டுக்கொண்டார். மேடத்தின் கார் சர்வீஸில் இருக்கிறது என்று தெரிந்ததும் தன்னுடைய வேன் ஒன்றையே சாவியோடு கொடுத்துவிட்டார். அவ்வளவு அவசரம் அவருக்கு.

"எங்க குத்திச்சு?" என்றார் மேடம்.

"விரல்ல."

"வண்டியில எங்கன்னு கேட்டேன்."

ரேடியோ காட்டினான். புகைக்குழாய் மேல் சூடு தாங்கும் துணியைச் சுற்றி, மெல்லிய கம்பியால் கட்டியிருந்தது. கம்பியின் முனை முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேடம் குனிந்து ஒவ்வொரு கட்டாகத் தடவிப் பார்த்தார். குழாய் முடிந்து டர்போ தொடங்கும் இடத்திலும் அதே துணி, அதே கம்பி.

"குழாய்ல ஏழு கட்டு. ஏழுலயும் முனை வெளியே நிக்குது. டர்போ மேல இருக்கற மூணு கட்டுல மட்டும் முனையை மடக்கி உள்ளே சொருகியிருக்கு. எல்லாம் யார் கட்டினது?"

"நான்தான்," என்றார் பட்டறைக்காரர்.

"நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த மூணு நான் கட்டினது இல்லை."

சங்கத்து இன்ஸ்பெக்டர் இன்ஜினைத் திறந்திருந்தார், உள்ளே காற்று கசியாமல் அடைக்கும் சீல் ஒன்று உடைந்திருந்ததைக் கண்டுபிடித்திருந்தார், 'பெட்ரோல் அளவு தவறு, கட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். டர்போ மேலிருந்த துணியை அவர் பிரிக்கவே இல்லை. மேடம் முதலில் ஃபோட்டோ எடுத்தார், பிறகு கம்பியை வெட்டினார். துணி விலகியதும் நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு வார்ப்பு தெரிந்தது. அதன் விளிம்பில் ஓர் எண் இருந்தது. பூஜ்யம் புள்ளி நாலு எட்டு.

பட்டறைக்காரருக்கு முகம் செத்துப்போனது. "நான் போட்டது ஒண்ணு புள்ளி பூஜ்யம்."

"ஒரு நம்பர்தானே. அதுல என்ன வந்துது?" என்றான் ரேடியோ.

கேட்டிருக்கக் கூடாது. பத்து நாளாக 'அளவு சரி' என்ற இரண்டு வார்த்தையைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர், இப்போது மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். ரேடியோவுக்குக் கொஞ்சம் தொழில் பொறாமையே வந்துவிட்டது.

"டர்போங்கறது இன்ஜின் விடற புகையிலேயே சுத்தற விசிறி. அது சுத்திக் கூடுதல் காத்தை இன்ஜினுக்குள்ள தள்ளும். அந்தப் புகை போற வழிதான் இந்த ஹவுசிங், அந்த வழியோட அளவுதான் இந்த நம்பர். வழி சின்னதா இருந்தா விசிறி சீக்கிரம் சுத்தும், வண்டி சீக்கிரமே இழுக்கும். ஆனா வேகம் ஏற ஏறப் புகை வெளியே போக முடியாம முட்டிக்கும்."

"முட்டினா?"

"பிஸ்டன் இன்ஜினா இருந்தா மூச்சு வாங்கும், மேல் வேகம் வராது, அவ்வளவுதான். இது ரோட்டரி. பிஸ்டனே கிடையாது, முக்கோணமா ரெண்டு ரோட்டார் சுத்துது. இது விடற புகைக்குச் சூடு ரொம்ப ஜாஸ்தி. வெளியே போக வழியில்லைன்னா அந்தச் சூடு திரும்ப உள்ளேயே வரும். பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடி வெடிக்கும். ரோட்டார் முனையில இருக்கற சீல் உடையும்." பெஞ்சின்மேல் இரண்டாகக் கிடந்த இரும்புத் துண்டைக் காட்டினார். "இதோ, இப்படி."

"உங்க வண்டிக்கு இது எவ்வளவு சின்னது?" என்று மேடம் கேட்டார்.

"பாதி. பேப்பர்ல இந்த இன்ஜின் ஒண்ணு புள்ளி மூணு லிட்டர். ஆனா பிஸ்டன் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு விடற மூச்சை இது ஒரே சுத்துல விட்டுடும். அதனால டர்போ எடுக்கறப்ப ரெண்டு புள்ளி ஆறுன்னு வச்சுக்கிட்டுத்தான் பார்க்கணும். இந்த ஒரு சைஸை முடிவு பண்ண நான் மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"எனக்குப் பொண்ணு பார்த்ததே மூணு நாள்ல முடிஞ்சுது," என்றான் ரேடியோ.

"அதான் அவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காங்க," என்றார் மேடம். பட்டறைக்காரரிடம் திரும்பினார். "யாராவது வேணும்னே இன்ஜினைக் கெடுக்க இதை மாட்டியிருப்பாங்களா?"

"கெடுக்கணும்னா இவ்வளவு மெனக்கெட வேண்டாமே. ஒரு கைப்பிடி மண்ணு போதும். இதைப் பாருங்க, போல்ட்டுக்கெல்லாம் புது வாஷர். அழுக்கைத் துடைச்சுட்டு மாட்டியிருக்காங்க." ஒரு போல்ட்டைத் தடவிப் பார்த்தார். "யாரோ ரொம்ப அக்கறையா செஞ்சிருக்காங்க."

பந்தயத்துக்கு முன்னால் இரண்டு நாள் பட்டறைக் கூரையில் தகடு மாற்றினார்களாம். அந்த இரண்டு நாளும் கார் மாமனாரின் ஷெட்டில் நின்றிருக்கிறது. அங்கே எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து போவார்கள்.

"முடிஞ்சுது. எதிர் டீம்காரன் எவனோ வேன் டிரைவர் மாதிரி உள்ளே பூந்திருக்கான்," என்று ரேடியோ தீர்ப்பு சொன்னான்.

மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உங்க மனைவிக்கு வித்தியாசம் தெரியலையா?"

"தெரிஞ்சுது. அன்னிக்குக் காலையில 'இன்னிக்கு சீக்கிரமே இழுக்குதே'ன்னு சந்தோஷமா சொன்னா. குளிர்ந்த காத்து, அதான்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் நின்னு பார்த்திருந்தா அவ கை உடைஞ்சிருக்காது." உடைந்த சீல் துண்டுகளை எடுத்துத் துணியில் சுற்றினார், மறுபடி பிரித்தார், மறுபடி சுற்றினார். "இப்ப அப்பா வீட்டுல இருக்கா. ஃபோன் எடுக்கறதில்லை."

ரேடியோ வெளியே போய் வேனைக் கிளப்பினான்.

கழற்றி எடுத்து வந்த ஹவுசிங்கின் அடியில் மூன்று சின்னப் புள்ளிகள் உளியால் குத்தியிருந்தன. பழைய டர்போவைப் பிரித்துப் புதுப்பித்து விற்கும் ஒரே ஒருவர்தான் அப்படி அடையாளம் வைப்பார். கடைக்கு வெளியே 'டர்போ டாக்டர்' என்று போர்டு. உள்ளே கூரை வரை அலமாரி, அலமாரி முழுக்க இரும்பு நத்தைகள். டாக்டர் காதில் பென்சிலோடு, ஒரு விசிறியை விரல் நுனியில் சுற்றிவிட்டு அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் கவுண்டரில் ஹவுசிங்கை வைத்தார். வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"திருப்பிக் குடுத்து அனுப்பிட்டாரா? நான் அப்பவே சொன்னேன். தலையில அடிச்சுக்காத குறைதான்."

"என்ன சொன்னீங்க?"

"ரொம்பச் சின்னதுன்னு. என்ன இன்ஜின்னு கேட்டேன், ஒண்ணு புள்ளி மூணு பெட்ரோல்னார். ரோட்டரிங்கற பேச்சே எடுக்கலை. சார்ட் பார்த்து ஒண்ணு எடுத்து வச்சேன். இதைவிட ஒரு சைஸ் சின்னது வேணும்னார். மேல் வேகத்துல மூச்சு முட்டுமேன்னேன். 'முட்டட்டும், அதுக்குத்தான் கேக்கறேன்'னார்."

"அந்த ஆள் எப்படி இருப்பான்?" ரேடியோ நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். "உயரமா? தாடி? முகத்துல ஏதாவது வெட்டு, தழும்பு?"

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பென்சிலை நீட்டினார். "அதோ நிக்குதே, அந்த வேன்காரர்தான். அவர் அனுப்பித்தானே வந்தீங்க?"

ரேடியோ ஜன்னல் வழியாகப் பார்த்தான். ரோட்டில் ஒரே ஒரு வேன் நின்றது. அதன் பக்கவாட்டில் இரண்டு அடி எழுத்தில் ஷெட்டின் பெயர் எழுதியிருந்தது. காலையிலிருந்து அந்த வேனை ஊர் பூராவும் ஓட்டிக்கொண்டிருந்தது அவன்தான். நோட்டுப் புத்தகத்தில் 'தாடி' என்று எழுதியிருந்ததை அடித்தான்.

வேனில் ஏறியபின் நாலு தெரு வரைக்கும் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மேடம் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார்.

"மேடம், தானே செஞ்சுட்டு, செஞ்சது யாருன்னு கண்டுபிடிக்க நம்மளையே எதுக்குக் கூப்பிடணும்? கூடவே வேன் வேற."

"ஏன்னா, தான் செஞ்சது என்னன்னு அவருக்கே தெரியாது," என்றார் மேடம். "அதைத்தான் இப்பப் போய்ச் சொல்லணும்."

ஷெட்டில் ஏழெட்டு வேன்கள் வரிசையாக நின்றன. ரேடியோ முதலில் பார்த்தது கம்பிகளைத்தான். குழாயில், பேட்டரியில், கதவுத் தாழ்ப்பாளில், எங்கெல்லாம் கம்பி கட்டியிருந்ததோ அங்கெல்லாம் முனையை மடக்கி உள்ளே சொருகியிருந்தது. ஷெட்காரப் பெரியவர், அதாவது அந்த மாமனார், அவன் பார்வையைக் கவனித்தார்.

"முப்பது வருஷமா இந்த ஷெட்ல ஒருத்தன் விரல் கிழிஞ்சது கிடையாது," என்றார் பெருமையாக. "எப்படிக் கட்டணும்னு நானே சொல்லிக் குடுத்தது. வாங்க மேடம். கிடைச்சுதா ஆதாரம்?"

மேடம் ஹவுசிங்கைத் தூக்கி ஒரு டயர் மேல் வைத்தார். பெரியவர் பார்த்தார். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"ஆமா, நான்தான் மாட்டினேன்."

"ஆமாவா?" என்றான் ரேடியோ.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சின்ன டர்போ போட்டா இன்ஜினுக்கு இளைப்பாறுதல். வேகம்தான் குறையும். அவ்வளவு சின்னது போட்டும் நொறுங்குதுன்னா, மாப்பிள்ளை இன்ஜினை எந்த லட்சணத்துல கட்டியிருப்பான்? அதைத்தானே நான் உங்களைக் கேட்டது?"

ரேடியோ மேடத்தைப் பார்த்தான். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். 

மேடம் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கினார். சிமென்ட் தரையில் உட்கார்ந்து ஒரு பிஸ்டன் வரைந்தார். "இது ரெண்டு சுத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடும்?"

"ஒரு தடவை. இதெல்லாம் என்கிட்ட கேக்கலாமா?"

பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்து சுற்றி அதன் கூட்டையும் வரைந்தார். "இது ரோட்டார். தண்டு ஒரு சுத்து சுத்தினா இது ஒரு தடவை மூச்சு விடும். அப்ப ரெண்டு சுத்துக்கு?"

பெரியவர் மேடத்தின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார். குந்தி உட்கார்ந்து, ஒண்ணு புள்ளி மூணு என்று எழுதினார், அதற்குக் கீழே இன்னொரு ஒண்ணு புள்ளி மூணு எழுதினார், கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே எழுதவில்லை. கெட்டிக்கார மெக்கானிக், அவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாப்பிள்ளை வேகத்துக்காகத் தேவைக்கு மேல பெருசாப் போட்டிருக்கான், நான் ஒரு சைஸ்தான் குறைக்கறேன்னு நினைச்சேன்," என்றார். "பாதியா குறைச்சிருக்கேன்."

"ஆமா."

"புகை உள்ளேயே திரும்பியிருக்கும்."

"ஆமா."

"என் பொண்ணு கையை நான்தான் உடைச்சிருக்கேன்."

மேடம் இதற்கு ஆமா சொல்லவில்லை. பெரியவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ ரொம்ப வேகமாப் போறா மேடம். கொடி ஆட்டி முடிக்கற வரைக்கும் எனக்கு உசுரு உடம்புல நிக்காது. அவகிட்ட சொன்னேன், கேக்கலை. மாப்பிள்ளைகிட்ட சொன்னேன், சிரிச்சான். சரி, டர்போகிட்டயாவது சொல்லிப் பார்க்கலாம்னு நினைச்சேன்."

"மணி ரெண்டே முக்கால்," என்றார் மேடம். "நாலு மணிக்கு அவர் கார்டு போயிடும். ஹவுசிங் மாறியிருக்குன்னு அவரே சொன்னா, தப்பிக்க அவரே மாத்தினார்னு சொல்லிடுவாங்க. நான் போய்ச் சொல்ல முடியாது. என் அறிக்கை என்னை அமர்த்தினவருக்கு மட்டும்தான், அது என் தொழில் கட்டுப்பாடு. அமர்த்தினது நீங்க. அறிக்கை முடிஞ்சுது."

"தெரிஞ்சா அவ என் முகத்துல முழிப்பாளா?"

"எனக்குத் தெரியாதுங்க."

ரேடியோவுக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வேன் சாவியை டயர்மேல் வைத்துவிட்டு மேடத்தின் பின்னால் நடந்தான். ஆட்டோ பிடித்துத்தான் சங்கத்துக்குப் போனார்கள்.

சங்கத்து அறையில் நீளமான மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு கோடியில் பட்டறைக்காரர் முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறு கோடியில் அவர் மனைவி, தோளிலிருந்து தொங்கும் கட்டோடு. நடுவில் பதினொரு நாற்காலி காலி. ரேடியோ எண்ணினான், எண்ணுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை.

தலைவர் இன்ஸ்பெக்டரின் அறிக்கையைப் படித்தார். படிக்க ஆறு நிமிஷம் ஆனது. கதவு திறக்கவில்லை.

"கட்டியவர் ஏதாவது சொல்ல விரும்பறாரா?"

பட்டறைக்காரர் எழுந்தார். சொன்னார். ஹவுசிங் மாறியிருந்தது, யார் என்று தெரியாது என்றார். மேஜைக்குப் பின்னால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஜை ஓரமாக நின்ற இன்ஸ்பெக்டர் லேசாகச் சிரித்தார். தலைவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"மாத்தினது நான்," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

பெரியவர் நேராக மேஜைக்குப் போனார். கையிலிருந்த துணி மூட்டையைப் பிரித்து, பெரிய ஹவுசிங்கைத் தலைவர் முன்னால் வைத்தார். ஒண்ணு புள்ளி பூஜ்யம். துடைத்து, துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார். என்ன செய்தார், எப்போது செய்தார், எங்கே வாங்கினார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கணக்கு தப்பியது எங்கே என்பதையும் சொன்னார்.

"எதுக்காக?" என்றார் தலைவர்.

"மெதுவாப் போகட்டும்னு."

 மகள் எழுந்து வந்தாள். ஒரு கை கட்டுக்குள் இருந்ததால் நாற்காலிகளை இடுப்பால் ஒதுக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தத் தடவை மட்டுமாப்பா?"

மேடம் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வி அவருக்கே தோன்றியிருக்கவில்லை.

"இல்லம்மா," என்றார் பெரியவர். "போன வருஷம் ரெண்டு தடவை. பந்தயத்துக்கு வண்டியை ஏத்திட்டுப் போனது என் லாரிதானே. கொஞ்சம்தான் சின்னது போட்டேன், முடிஞ்சதும் பழையபடி மாத்திடுவேன். நீ அப்பவும் மெதுவாகலை. அதான் இந்தத் தடவை இன்னும்..."

"அந்த ரெண்டு தடவையும் நான் மூணாவது வந்தேன். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு ராத்திரி பூரா அழுதேன். விட்டுடலாம்னுகூட முடிவு பண்ணேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"விட்டுட்டா நல்லதுன்னு இருந்தேன்," என்றார் பெரியவர். அதைச் சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார், துடைத்துக்கொள்ளவில்லை.

அவள் அப்பாவிடமிருந்து திரும்பினாள். பிறகு, பத்து நாளில் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்தாள்.

"சின்னதை வச்சுக்கிட்டு மூணாவது. நீங்க போட்டதே இருந்திருந்தா?"

பட்டறைக்காரர் ஆறுதலுக்காகப் பதில் சொல்லும் ஆள் இல்லை. கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "சுத்துக்கு ரெண்டு செகண்ட் மிச்சமாகியிருக்கும்."

"அப்படின்னா?"

"முதலாவது. ரெண்டு தடவையும்."

தலைவர் பேனாவை மூடி, கார்டு செல்லும் என்று சொன்னார். அதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. அவள் நல்ல கையால் மேஜைமேலிருந்த ஹவுசிங்கைத் தூக்கிப் பார்த்தாள், கனமாக இருந்தது, புருஷனிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"இனிமே நீங்க என் வண்டியைத் தொடக் கூடாதுப்பா."

"சரிம்மா."

"லாரியும் வேண்டாம். நாங்க வேற பார்த்துக்கறோம்."

"சரிம்மா." பெரியவர் தயங்கினார். "பார்க்க வரலாமா?"

"வந்துதான் ஆகணும்," என்றாள் மகள். "கண்ணை மூடாம முழுசா பாருங்க. நான் எவ்வளவு வேகமாப் போவேன்னு இன்னும் நீங்க பார்த்ததே இல்லை."

பெரியவர் தலையை ஆட்டினார். அவருக்கு இப்போதே பயமாக இருந்தது.